ரொட்டி தின்ற மரை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ டாக்டர்தானே, நாற்பது வயதுக்கு மேல் பெண்களுக்கு வருகிற வருத்தங்களைப் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார். சரி என்றுதான் சொன்னேன். பிறகு இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அக்கா, சீனியும் பிரஷரும் நான் தினமும் பேசுகிற விஷயம். இந்த ஒருநாள் வேறொன்றைப் பேச விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். ஆகவே அந்த ஆலோசனைகள் வேண்டியவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். இப்போது நான் பேசப்போவது ஒரு மலையைப் பற்றியும், அதன்மேல் இருக்கும் ஒரு பழைய பங்களாவைப் பற்றியும், அந்த வாசலில் நிற்கும் மரைகளைப் பற்றியும். முப்பது வருடமாக நான் இந்தப் பாடசாலைக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பொய்யும் இதில் வருகிறது.

என் ஊர் டயகம. தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி, இனிப் பாதை இல்லை என்ற இடத்தில் இறங்கினால் அதுதான் டயகம. அதற்குமேல் தேயிலை. தேயிலைக்கு மேல் கறுத்த காடு. காட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டால் அப்பாயி, "மேல பத்தனை இருக்கு, அங்க மரைதான் குடியிருக்கும்" என்பார். பத்தனை என்றால் புல்வெளி. அக்கரப்பத்தனையில் இருக்கிற பத்தனையும் அதுதான். அந்தப் பத்தனைக்கு ஹோர்ட்டன் சமவெளி என்று ஒரு பெயர் இருப்பதும், அதைப் பார்க்க உலகெங்கும் இருந்து ஆட்கள் டிக்கெட் எடுத்து வருவதும் எனக்கு இந்தப் பாடசாலைக்கு வந்த பிறகுதான் தெரியும். 1831 முதல் 1837 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டன் என்பவரின் பெயர் அது. சிங்கள மக்கள் அதற்கு முன்பே மஹ எலிய என்று அழைத்திருக்கிறார்கள்.

எங்கள் நாட்டில் குளிர்காலம் கிடையாது என்று புவியியல் பாடத்தில் எழுதுகிறோம். அதை எழுதியவர் ஜனவரி மாதத்தில் டயகமவில் ஓர் இரவு தங்கியிருக்கமாட்டார். தை பிறந்து, மழை விட்டு, வானம் சுத்தமாக இருக்கிற இரவுகளில்தான் வெள்ளைப்பனி விழும். காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினமாதிரி இருக்கும். பார்க்க அழகு. வெயில் ஏறியதும் அந்தப் பனி பட்ட கொழுந்து முழுதும் கருகிச் செம்பட்டையாகிவிடும். பிறகு மலையில் கொழுந்து கிடையாது, கொழுந்து இல்லாவிட்டால் பேர் கிடையாது. அம்மாவின் விரல் நுனிகள் அந்த மாதங்களில் வெடித்து இரத்தம் கசியும். அதற்கு அவர் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, அடுத்த நாள் பெரட்டுக்களத்துக்குப் போவார்.

அந்தக் குளிர் மாதங்களில்தான் மரைகளும் கீழே இறங்கும். நாங்கள் மரையைக் கண்டதைவிடக் கேட்டதுதான் அதிகம். லயத்துக்குப் பின்னால் அப்பா போட்டிருந்த கோவாவையும் லீக்ஸையும் இரவோடிரவாக மேய்ந்துவிட்டுப் போகும். அப்பா பால்மா டின்னைத் தட்டிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். திடீரென்று காட்டோரத்தில் பஸ் ஹோர்ன் அடித்ததுபோல ஒரு சத்தம் வரும். அது மரை தன் கூட்டத்துக்கு ஆபத்தை அறிவிக்கிற குரல். மனிதனைக் கண்டால் அப்படி அலறிவிட்டு ஓடுகிற பிராணி என்றுதான் எனக்கு மரையைத் தெரியும்.

1995ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி. நான் தரம் பத்து. யுத்தநிறுத்தம் அறிவித்திருந்த சில மாதங்கள் அவை. பெற்றோர் தைரியமாகப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை பயணம். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலிருந்து விடுதிக்குத் திரும்பவேண்டும். அம்மா இரவே மாப் பிசைந்து ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து வைத்துவிட்டார். மலைக்குக் கொண்டுபோகும்போது ரொட்டியைத் துணியில்தான் கட்டுவோம். எங்கள் குளிருக்கு வாழை சரியாக வராது, அதனால் இலையும் கிடையாது. ஆனால் இது பாடசாலைப் பயணம், டவுன் பிள்ளைகள் நடுவில் மகள் உட்கார்ந்து சாப்பிடப்போகிறாள் என்று, அக்கரப்பத்தனை கடையில் புது லஞ்ச் ஷீட் வாங்கி வைத்திருந்தார். அதில் ரொட்டியைச் சுற்றி, சம்பல் கசியாமல் இன்னொரு தாளில் மடித்து, இறுக்கிக் கட்டித் தந்தார்.

காலையில் பட்டிப்பொல வழியாக ஏறினோம். பஸ்ஸின் கண்ணாடி முழுதும் மூச்சுப் புகை. மேலே போய் இறங்கியதும் எல்லோரும் வாயால் புகைவிட்டு விளையாடினோம். புல்வெளி சாம்பல் நிறத்தில் கிடந்தது, ஓரங்களில் மட்டும் மகாரத்மலைச் செடிகள் கறுப்பாக. உலக முடிவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுகிற அந்தப் பாறை விளிம்புக்கு நான் இதுவரை இரண்டுமுறை போயிருக்கிறேன், இரண்டுமுறையும் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றையும் காணவில்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

ஃபார் இன் என்ற அந்தப் பங்களா புல்வெளியின் நடுவில், பஸ்கள் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர். பிரித்தானிய அதிகாரிகளும் துரைமாரும் வேட்டைக்கு வந்தால் தங்குவதற்கென்று இருந்த விடுதி. இன்று பார்வையாளருக்கு விளக்கம் சொல்லும் நிலையமாக இருக்கிறது. அதற்கும் முன்னால், 1850களின் தொடக்கத்தில், நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் இந்தப் பக்கமெல்லாம் வேட்டையாடினார். பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயர்தான். வெள்ளைக்காரர்கள் மரையை 'எல்க்' என்று அழைத்தார்கள். எல்க் என்பது ஐரோப்பாவின் வேறொரு பிராணி, ஊர் நினைவில் வைத்த பெயராக இருக்கவேண்டும். நாய்க்கூட்டத்தை விட்டு மரையை விரட்டி, அது ஆற்றுக்குள் இறங்கித் திரும்பி நிற்கும்போது நெருங்கிப்போய்க் கத்தியால் குத்துவது அவருடைய முறை. அதை அவரே புத்தகங்களில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் சமவெளியில் யானைகளும் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை.

1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காமல் விடுவதென்று அரசாங்கம் தீர்மானித்திருக்காவிட்டால், தேயிலை அந்தப் புல்வெளி வரைக்கும் ஏறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அம்மா அங்கேயும் கொழுந்து பறித்திருப்பார். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அந்த மலையில்தான் ஊற்றுகள். எங்கள் லயத்துப் பீலியில் விழுந்த தண்ணீரும் அங்கிருந்து வந்ததுதான். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கினார்கள். 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இவையெல்லாம் பிற்பாடு படித்தவை. அன்றைக்கு நான் கண்டது, அந்த வேட்டை பங்களாவின் வாசலில் ஒரு மரை நின்றதைத்தான். ஆண். கழுத்தில் பிடரிமயிர் பனித்துளியோடு சிலிர்த்திருந்தது. கொம்பு என் கையைவிட நீளம். எங்கள் அப்பா டின் தட்டி விரட்டிய, முகமே தெரியாத அந்தத் திருடன், பட்டப்பகலில், நூறு பேர் நடுவில், தலையை நீட்டிப் பணிஸ் கேட்டுக்கொண்டு நின்றது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஊட்டினார்கள். ஒரு தங்கச்சி அதன் மூக்கைத் தடவினாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. புல்லில் வட்டமாக உட்கார்ந்தோம். பொதிகள் திறந்தன. கோழிக்கறி, முட்டை, நெய்ச்சோறு வாசனை. என் பொதியை நான் மடியிலேயே வைத்திருந்தேன். ரொட்டி குளிரில் தோல்மாதிரி விறைத்துப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவும் கோதுமைமா ரொட்டி, சம்பலோடு. அதைத் திறந்தால் நான் எங்கிருந்து வருகிறேன் என்பதையும் சேர்த்துத் திறந்துகாட்டுவதாக எனக்குப் பட்டது. யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை, இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். யாரும் சொல்லாமலேயே வருகிற வெட்கம் அது. பதினைந்து வயதில் அதற்குக் காரணம் தேவையில்லை.

எழுந்து, கை கழுவப் போகிறவள்போல பங்களாவின் பக்கவாட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெட்டை மரை நின்றது. பொதியை நீட்டினேன். அது தயங்கவே இல்லை. அம்மா இறுக்கிக் கட்டியிருந்த கட்டோடு, லஞ்ச் ஷீட்டோடு, அப்படியே வாயில் வாங்கி, தலையை இரண்டுமுறை மேலே தூக்கி விழுங்கிவிட்டது. தாளின் ஒரு மூலை கொஞ்சநேரம் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்து, அதுவும் உள்ளே போனது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றும் மறக்கவில்லை.

திரும்பி வந்ததும் டீச்சர் கேட்டார், "ஏன் சாப்பிடவில்லை?" நான், "சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துட்டேன், டீச்சர்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் பொதியில் பாதியைப் பிரித்து என் முன்னால் வைத்தார். அந்தச் சோற்றின் ருசி எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அந்த டீச்சர் இன்று இங்கே முன்வரிசையில் இருக்கிறார். டீச்சர், நான் மறக்கவில்லை. கொண்டுவந்திருந்தேன்.

பொய் அத்தோடு முடியவில்லை. அந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஒருநாள் பேரை விட்டுவிட்டு வந்தார். டீச்சர் அக்கறையோடுதான் சொன்னார்: "பிள்ளையை வெளியே அனுப்பும்போது சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள் அம்மா." நான் பக்கத்தில் நின்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு டீச்சரிடம், "சரிங்க டீச்சர், இனிமே குடுத்தனுப்புறேங்க" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போயும் கேட்கவில்லை. அந்த வருடமும் கேட்கவில்லை, நான் மருத்துவபீடத்துக்குத் தெரிவானபோதும் கேட்கவில்லை.

மருத்துவம் படித்ததால் ஒரு பாதகம், வயிற்றுக்குள் போன பொருள் என்னவாகும் என்பது தெரிந்துவிடுகிறது. மரை மாட்டைப்போல அசைபோடும் பிராணி. வயிறு நான்கு அறை. புல்லும் தழையும் முதலில் பெரிய அறைக்குள் போய், அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து உடைக்கவேண்டும். பாணும் பணிஸும் அதற்குள் ஒரேயடியாகப் போனால் நொதித்தல் தாறுமாறாகி அமிலம் கூடும். பொலித்தீன் நொதிக்காது, உடையாது, அடுத்த அறைக்குப் போகிற வாசலையும் தாண்டாது. அங்கேயே கிடந்து ஒன்றோடொன்று முறுகி உருண்டையாகும். பிராணிக்கு வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும், ஆனால் மெலிந்துகொண்டு வரும். புல்வெளி நடுவில், புல் இருக்கும்போதே, பட்டினியாகச் சாகும். ஒரு மிருக வைத்திய நண்பியிடம் கேட்டு இதை உறுதிசெய்துகொண்டேன். அவளிடமும் ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

2024 ஜனவரியில் என் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது, நகரத்தில் வளர்ந்தவள். இப்போது நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூடக் கிழித்து எடுத்துவிடுகிறார்கள். லஞ்ச் ஷீட்டுக்கு 2017இல் நாடு முழுதும் தடை வந்தது, அது எந்தளவில் நடக்கிறது என்பது நம் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தெரியும். ஃபார் இன் வாசலில் மரைகள் அன்றுபோலவே நின்றன. உணவு கொடுக்கவேண்டாம் என்று அறிவிப்பு இருந்தது. அறிவிப்புக்கு அடியில் ஒரு குடும்பம் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமுடியாது. என் வார்ட்டில் சீனி நானூறு இருக்கிற தகப்பனுக்குத் தலையணைக்கடியில் கேக் வைத்துவிட்டுப் போகிற மகள்மாரை நான் வாரம்தோறும் காண்கிறேன். இதுவும் அதே அன்புதான்.

அங்கே நின்ற உத்தியோகத்தர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். இறந்துகிடந்த ஒரு பெட்டை மரையின் வயிற்றைத் திறந்து பார்த்ததைச் சொன்னார். உள்ளே இருந்த பொலித்தீன் உருண்டை தேங்காயளவு இருந்தது என்று இரண்டு கையாலும் காட்டினார். வாசலில் நிற்கப் பழகிய தாய் தன் குட்டியையும் வாசலுக்கே கூட்டிவருகிறது, அது புல்லைத் தேடிப் படிக்கிறதில்லை என்றும் சொன்னார். வாகனத்தில் அடிபடுவதும் இவைதான். அந்த மலைச் சிறுத்தைகளுக்கு மரைதான் முக்கிய இரை. ஆகவே இந்த வாசலில் நடப்பது இந்த வாசலோடு நிற்பதில்லை. கீழே தோட்டங்களில் வேறு கதை. பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சிக்கிய கருஞ்சிறுத்தையை உங்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். உடவலவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் அது பிழைக்கவில்லை. கம்பி வைக்கிறவனின் வீட்டில் இரத்தச்சோகையோடு ஒரு பெண் இருப்பாள், அவளும் என் கிளினிக்குக்கு வருவாள். அதைத் தனியாக ஒருநாள் பேசவேண்டும்.

மகள் கையில் ஒரு பணிஸ் இருந்தது. கொடுக்கக்கூடாது என்றேன். ஏன் என்றாள். பங்களாவின் பக்கவாட்டில், அதே இடத்தில் நின்று, முதல்தடவையாக ஒருவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். எல்லாம் முடிந்ததும் அவளுக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, ரொட்டிக்கு எதுக்கு வெட்கம்? ரொட்டி நல்லாத்தானே இருக்கும்?" நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அது விளங்காமல் இருப்பதற்காகத்தானே என் அம்மா அத்தனை மலை ஏறி இறங்கினார்.

அன்று மாலையே நுவரெலியா, தலவாக்கலை என்று சுற்றிக்கொண்டு டயகமவுக்குப் போனோம். ஃபார் இன்னிலிருந்து நேரே மேற்கே பார்த்தால் எங்கள் மலை அந்த மேட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பழைய ஆட்கள் காட்டுப்பாதையில் நடந்தே வந்துபோவார்கள். 1995இல் ஒரு தோழி "உன் வீடு எங்கே?" என்று கேட்டபோது நான் அந்த மேட்டைக் காட்டியதும், "அங்கே காடுதானே இருக்கு" என்று சிரித்தாள். அவளும் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். இப்போது அவளும் சிரிக்கிறாள்.

அடுப்படியில் அம்மா மாப் பிசைந்துகொண்டிருந்தார். பேத்தி ரொட்டி கேட்டிருந்தாள். நான் பலகையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அம்மா பிசைவதை நிறுத்தவில்லை.

"நான் கட்டிக் குடுத்தது எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. படிக்கிற புள்ள."

கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டார். அந்த மரை என்னவாகியிருக்கும் என்று நான் பயப்படுவதையும் சொன்னேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏன் புள்ள, அந்தத் தாளப் பிரிச்சுப்புட்டுக் குடுத்திருக்கப்படாதா? வாயில்லாத சீவன்."

எனக்கு அதற்கும் பதில் இல்லை.

அதிபர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். வருடாவருடம் ஜனவரியில் நம் பிள்ளைகள் இன்னும் அந்த மலைக்குப் போகிறார்கள் என்று அறிந்தேன். அடுத்தமுறை சாப்பாட்டை மூடியுள்ள பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள், பஸ்ஸுக்குள்ளேயே சாப்பிட வையுங்கள், பெட்டிகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குங்கள். பெட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு நம் சங்கம் வாங்கிக்கொடுக்கட்டும்; முதல் நூறு பெட்டியை நான் தருகிறேன். எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை யாருக்கும் தெரியவேண்டாம்.

ஒரு ரொட்டி விஷயமும் இருக்கிறது. இன்று நான் வருகிறேன் என்று தெரிந்து அம்மா விடியற்காலையில் சுட்டு, துணியில் கட்டி அனுப்பியிருக்கிறார். கட்டைச் சம்பலும் இருக்கிறது. டீச்சருக்கென்று தனியாக ஒரு கட்டு. மீதி தேநீர் மேசையில் இருக்கிறது. சீனி கூடியவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும்.